குரோம்ல போட்டுப் பாருங்க

காரைக்குடியில் நான் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். பலகையில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே யாரும் பிரவுஸ் பண்ணி வருஷக்கணக்காகிறது. கையில் செல்போன் இருப்பவன் என் கடைக்கு ஏன் வரப்போகிறான்? செல்போனில் முடியாமல் போனவர்கள் வருகிறார்கள், அதாவது அரசாங்கத்தோடு வேலை இருப்பவர்கள். 2024இல் ஊரை மாநகராட்சி ஆக்கினார்கள். அன்றிலிருந்து கூட்டம் இன்னும் கூடிவிட்டது.

போன வாரம் ஒரு ஆச்சி வந்தார்கள். எண்பது தாண்டிய வயது, கையில் மஞ்சப்பை, பைக்குள் ஒரு பரம்பரையின் காகிதங்கள். மகன் சிங்கப்பூரில். ஒரு சான்று வேண்டும். எந்தத் துறையின் சான்று என்று சொல்லமாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்ற துறைகள் எங்களை மட்டும் ஏன் விட்டாய் என்று கோபித்துக்கொள்ளும்.

நான் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தேன். படிவம் வந்தது. பெயர், ஊர், எல்லாம் அடித்தாயிற்று. பிறந்த தேதிக் கட்டத்தில் கிளிக் செய்தால் காலண்டர் விழவேண்டும், விழவில்லை. கையால் அடிக்கலாமென்றால் கட்டம் எழுத்தை வாங்க மறுக்கிறது. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பதினைந்து நிமிஷம் நாதஸ்வரம். பிறகு ஒரு பிள்ளை எடுத்தது.

"எந்த பிரவுசர் சார்?"

"ஃபயர்ஃபாக்ஸ்மா."

"அதுல வராது சார். குரோம்ல போட்டுப் பாருங்க."

இந்த மூன்று சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வங்கியில் சொல்வார்கள், கல்லூரியில் சொல்வார்கள், காப்பீட்டில் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவனிடம் 'இந்த வாசல்ல வராதீங்க, அந்தத் தனியார் லாட்ஜு வழியா வாங்க' என்று சொன்னால் ஊர் கூடிச் சண்டைக்குப் போகும். இதற்கு மட்டும் 'சரிங்க' என்று தலையாட்டுகிறோம்.

சரி, குரோமில் போட்டேன். காலண்டர் விழுந்தது. அழகான காலண்டர்தான், ஆனால் இந்த மாதத்தில் ஆரம்பிக்கிறது. பின்னால் போக ஒரே ஒரு அம்புக்குறி. ஒரு கிளிக்குக்கு ஒரு மாதம். ஆச்சி பிறந்தது 1944. எண்பத்தோரு வருஷம், வருஷத்துக்குப் பன்னிரண்டு: தொள்ளாயிரத்து எழுபத்திச் சொச்சம் கிளிக். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1991 வந்தபோது 'அந்த வருஷந்தான் அவுக தவறினாக' என்றார்கள். 1964இல், 'பர்மாவுல இருந்து எல்லாரும் வெறுங்கையோட வந்தாக' என்றார்கள். அரசாங்கம் ஆச்சிக்குச் சான்று கொடுக்கவில்லை. வாழ்க்கையை ஒரு தடவை பின்னோக்கி ஓட்டிக் காட்டியது. 1944க்கு வந்து தேதியைத் தொட்டதும் 'உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது' என்று வந்து நின்றது.

மறுபடி போன். 'கேஷ் கிளியர் பண்ணுங்க சார்.' பண்ணினேன். 'இன்காக்னிடோல போட்டுப் பாருங்க சார்.' போட்டேன். இன்காக்னிடோ என்றால் ஆளுக்குத் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு போவது. அந்த முக்காட்டுக்குள்ளும் கூகுள் எட்டிப்பார்த்தது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2024இல் சேர்த்துவைத்த விவரங்களை அழிப்பதாக ஒத்துக்கொள்ள வைத்தார்கள். நம் சான்றுக்கு அந்த முக்காட்டைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

ஏன் ஐயா இந்த வீம்பு, எல்லாரும் குரோமில் போகும்போது நீ மட்டும் என்ன நரியைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. (நரிகூட இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் என்பது இமயமலைப் பக்கத்துச் சிவப்புப் பாண்டாவின் பெயர். ஊருக்குள் இதைச் சொல்லி விளக்குவதை விட்டு ரொம்ப நாளாகிறது.) என் பதில் கொள்கையல்ல, தொழில். என் கடையில் ஒரே நேரத்தில் ஆச்சியின் கணக்கும், அவர்கள் பங்காளியின் கணக்கும், வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரின் கணக்கும் திறந்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் அடைத்துவைக்கலாம், நிறம் போட்டு: ஆச்சி நீலம், பங்காளி சிவப்பு. ஒருவருடையது ஒருவருக்கு ஒழுகாது. பங்காளிகளை ஒட்டாமல் வைத்திருப்பதன் அருமை செட்டிநாட்டுக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டுமா?

இன்னொன்று விளம்பரம். தேடலில் ஒரு அரசுச் சேவையின் பெயரை அடித்தால், மேலே வரும் விளம்பரங்களில் அரசாங்கத்தின் ஜாடையிலேயே பணம் பிடுங்கும் கடைகளும் கலந்திருக்கும். வயதானவர்கள் முதலில் தெரிவதைத்தான் அமுக்குவார்கள். யூபிளாக் ஆரிஜின் என்றொரு நீட்சி இதை வாசலிலேயே நிறுத்திவிடும். குரோமில் அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீட்சிகளின் சட்டத்தை மாற்றி 2024, 2025இல் கூகுள் அதை வெளியே தள்ளியது. விளம்பரம் விற்றுப் பிழைப்பவன் வீட்டுக் கதவு விளம்பரக்காரனை எப்படி ஐயா தடுக்கும்? ஃபயர்ஃபாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது.

பழைய கதை ஒன்றும் உண்டு. இந்த நூற்றாண்டின் முதல் வருஷங்களில் தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் தங்கள் தளத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் தானாக இறங்கி உட்காரும். வேறு உலாவியில் திறந்தால் தலைப்புச் செய்தி முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டிக்கிடக்கும், யாரோ விசைப்பலகை மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி. தமிழன் தமிழ்ச் செய்தியைத் தமிழில் படிக்க மைக்ரோசாஃப்டிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அதை உடைத்தது ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த 'பத்மா' என்ற சின்ன நீட்சி. அந்தக் குப்பையை யூனிகோடாக மாற்றிக் கையில் கொடுத்தது. உலாவியையே தமிழ்ப்படுத்தினார்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 'டேப்' என்பதற்குக் 'கீற்று' என்று வைத்தார்கள். தென்னையைப் பார்த்து வளர்ந்தவன் வைத்த பேர். தமிழக அரசு யூனிகோடை ஏற்பதாக அறிவித்தது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது.

அன்றைக்கு 'ஐ.இ.ல போட்டுப் பாருங்க'. இன்றைக்கு 'குரோம்ல போட்டுப் பாருங்க'. முதலாளி மாறினான், கும்பிடு மாறவில்லை.

சட்டம் இல்லையா என்றால், ஏன் இல்லை? நம் நாட்டில் சட்டம் இல்லாத இடம் ஏது? அரசுத் தளங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று 2009இலேயே மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் போட்டது. வெவ்வேறு உலாவிகளில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது அதில் உண்டு. அதற்கப்புறம் இரண்டு தடவை திருத்தியும் வெளியிட்டார்கள். திருத்தப்பட்ட நெறியைப் படித்தவர் யாரென்றால், தட்டச்சு செய்தவர் ஒருவர் நிச்சயம்.

இதைவிட ஒரு கூத்து இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டில் தனக்கிருக்கும் பலத்தை வைத்துக் குரோம் உலாவிக்கு முட்டுக்கொடுத்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் சொன்ன குற்றங்களில் ஒன்று. அபராதத் தொகையை 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உறுதிசெய்தது. ஆக, டில்லியில் ஒரு கட்டடத்தில் 'இவன் குரோமை ஊர்மேல் திணிக்கிறான்' என்று தண்டம். காரைக்குடியில் என் போனில் அதே அரசாங்கத்தின் குரல்: 'குரோம்ல போட்டுப் பாருங்க சார்.' ஒரு கை அடிக்கிறது, ஒரு கை ஆள் பிடித்துக் கொடுக்கிறது. இத்தனை விசுவாசமான ஏஜெண்டுக்குக் கூகுள் கமிஷன் கொடுப்பதாகக்கூடத் தெரியவில்லை. செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனுக்குக்கூடச் சம்பளம் உண்டு.

இனி சுதேசிக்கு வருவோம்.

2023 ஆகஸ்டில் மத்திய மின்னணு அமைச்சகம் இந்திய உலாவி உருவாக்கும் போட்டி அறிவித்தது. மொத்தப் பரிசு 3.41 கோடி. 2025 மார்ச்சில் முடிவு: சோஹோவுக்கு முதல் பரிசு, ஒரு கோடி. அவர்கள் உலாவியின் பெயர் 'உலா'. நல்ல பெயர், நல்ல வேலைப்பாடு, விளம்பரத்தையும் தடுக்கிறது. என் கடையில் ஒரு கணினியில் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டியிருப்பது குரோமியத்தின் மேல். குரோமியம் யார் வீட்டுச் சரக்கு? கூகுள் வீட்டுச் சரக்கு. திறந்த மூலம்தான், யாரும் எடுக்கலாம். ஆனால் எந்தச் சுவரை இடிப்பது, எந்தத் தூணை மாற்றுவது என்பதைப் பெரும்பாலும் கூகுளின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள்.

எங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். இடித்த வீட்டு நிலைக்கதவு, தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி. ஒரு கதவை வாங்கிக்கொண்டு போய்ச் சென்னையில் அடுக்குமாடியில் மாட்டிவிட்டு 'நான் செட்டிநாட்டு வீடு கட்டியிருக்கிறேன்' என்பவர்கள் உண்டு. அவர்களாவது கதவை நம் ஊரில் வாங்குகிறார்கள். இந்தச் சுதேசியில் மனையும் அஸ்திவாரமும் கலிபோர்னியா, முகப்பில் மட்டும் ஆத்தங்குடிக் கல். இதைச் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மைக்ரோசாஃப்டே தன் சொந்த எஞ்சினைத் தூக்கிப்போட்டுவிட்டு 2020இல் எட்ஜைக் குரோமியத்துக்கு மாற்றிக்கொண்டது. பெங்களூரில் 2010இல் வந்த எபிக் உலாவியும் மொசில்லாவில் பிறந்து பிறகு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஒரு உலாவி எஞ்சினைப் புதிதாகச் செய்வது ஒரு கோடிக்கு ஆகிற காரியமில்லை. அது தெரிந்தும் மேடை போட்டுத் தற்சார்பு என்று மாலை போடுகிறவர்கள்மேல்தான் கோபம்.

வ.உ.சி.யும் கப்பலை வெளிநாட்டில்தானே வாங்கினார் என்று ஒருவர் என்னை மடக்கினார். வாங்கினார். ஏன் வாங்கினார் என்பதைப் படித்திருக்கவேண்டும். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி முதலில் ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தது. வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திருப்பி இழுத்துக்கொண்டது. அப்புறம்தான், 'வாடகைக் கப்பலில் சுதேசி ஓடாது' என்று புரிந்து, பம்பாய்க்கு அலைந்து பணம் திரட்டி, காலியாவையும் லாவோவையும் சொந்தமாகவே வாங்கினார்கள். நம் ஆட்களுக்கு அந்த வரலாற்றில் முதல் பாதி மட்டும் பிடித்துப்போய்விட்டது.

அந்தப் போட்டியில் ஒரு நிபந்தனை: இந்திய அரசின் சான்றளிப்பு ஆணையத்தின் மூலச் சான்று உலாவிக்குள் இருக்கவேண்டும். வெளிநாட்டு உலாவிகள் நம்மை நம்புவதில்லை என்று ஆதங்கம். ஏன் நம்புவதில்லை? பழைய செட்டியார் கடை பாஷையில் சொல்கிறேன். ஒரு தளம் காட்டும் சான்று என்பது உண்டியல் மாதிரி. ரங்கூனில் எழுதியதைச் சென்னையில் காட்டினால் பணம் கிடைக்கும், கையெழுத்து நம்பகமானது என்பதால். 2014 ஜூலையில், கூகுள் தளங்களின் பேரிலேயே கள்ள உண்டியல் நடமாடுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. எழுதிய இடம் நம் தேசியத் தகவலியல் மையம். கேட்டதற்கு, எங்கள் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், தப்பாகப் போனது நான்குதான் என்றார்கள். நான்குக்கு மேலும் உண்டு என்றது கூகுள். விண்டோஸ் இந்தியக் கையெழுத்தை நம்பியது, அதனால் விண்டோஸில் ஓடிய உலாவிகள் ஆபத்தில் இருந்தன. ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸின் ஏட்டைப் பார்ப்பதில்லை. தன் சொந்த நம்பிக்கை ஏட்டை வைத்திருக்கிறது. அதில் இந்தக் கையெழுத்தே இல்லை. அன்றைக்கு அது பாட்டுக்கு இருந்தது. அப்பச்சி காலத்தில் ஒரு கள்ள உண்டியல் வெளியே போனால் அந்தக் கடையின் பேர் அதோடு சரி. நமக்கோ ஒன்பது வருஷம் கழித்து, 'எங்கள் கையெழுத்தை நம்பும் பெட்டி செய்பவனுக்குப் பரிசு.'

நரியைத் தெய்வமாக்கவும் எனக்கு மனசில்லை. 2009 வாக்கில் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு அதன் கையில் இருந்தது. இன்றைக்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. மூடியிருக்கும்போதே நினைவகத்தைத் தின்னும் நாட்கள் உண்டு. கையெழுத்து டோக்கனைச் செருகினால் சில தளங்களில் எருமை மாதிரி நிற்கும். 2025 பிப்ரவரியில், 'உங்கள் விவரத்தை ஒருபோதும் விற்கமாட்டோம்' என்று தளத்தில் எழுதிவைத்திருந்த வாக்கை மொசில்லா கமுக்கமாக எடுத்தது. ஊர் கத்தியபிறகு மழுப்பியது. எல்லாவற்றுக்கும் மேல், அதன் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பது, தேடல் பெட்டியில் தன்னை வைத்ததற்காக. எதிர்க்கட்சிக்கு மாதச் சம்பளம் ஆளுங்கட்சி வீட்டிலிருந்து வருகிறது. அதையும் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்துகிறேன். இந்த உலகத்தில் பழுதில்லாத இரண்டாவது வாசலுக்குக் காத்திருந்தால் ஒரே வாசல்தான் மிஞ்சும்.

நமக்குப் பெருமைக்கு மட்டும் குறைவில்லை. குரோமை வளர்த்த சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். உலாவைச் செய்த சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் குடியேறியவர். 2025இல் குரோமையே 3,450 கோடி டாலருக்கு விலைக்குக் கேட்ட பெர்ப்ளெக்சிட்டியின் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னை. கதவு செய்தவன், கதவுக்கு மாற்றுக் கதவு செய்தவன், கதவை விலைக்குக் கேட்டவன், மூன்று பேரும் நம்மாள். கதவுக்கு வெளியே மஞ்சப்பையோடு நிற்கும் ஆச்சியும் நம்மாள்தான்.

ஆச்சியை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். ஆச்சியின் படிவத்தில் கணவர் பெயரை அடிக்கவேண்டும். அவர்கள் வீட்டு விலாசம் நாலு எழுத்து, நாலு புள்ளி. தளம் சிவப்பில் கத்தியது: 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை.' ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. விலாசமென்றால் வெறும் இனிஷியல் இல்லை. எத்தனையாவது தலைமுறை, எந்தக் கடை என்று மலேயா வரைக்கும் சொல்லும் அடையாளம். புள்ளிகளை எடுத்துவிட்டு அடித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. உலாவிக்கும் விலாசம் உண்டு. எந்தத் தளத்தின் வாசலில் போய் நின்றாலும் முதலில் அதைத்தான் சொல்லும். குரோமின் விலாசம் என்ன தெரியுமா? மொசில்லா 5.0, அதற்கப்புறம் ஆப்பிள் வெப்கிட், அதற்கப்புறம் அடைப்புக்குறிக்குள் 'கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி', அப்புறம் குரோம், கடைசியில் சஃபாரி. தன் பேர் ஒன்றைத் தவிர எல்லாம் அடுத்தவன் வீட்டுப் பேர். 1990களில் மொசில்லா என்று சொன்ன நெட்ஸ்கேப்புக்குத்தான் தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் எக்ஸ்புளோரர் 'நானும் மொசில்லா' என்றது, பின்னால் வந்த ஒவ்வொருவனும் முந்தினவன் பேரைச் சேர்த்துக்கொண்டான். முப்பது வருஷப் பொய் ஒரே வரியில், அரைப்புள்ளி, சாய்கோடு, அடைப்புக்குறி சகிதம். அந்தச் சிறப்புக் குறிகளுக்கெல்லாம் அரசாங்கத்தில் அனுமதி உண்டு. ஆச்சி வீட்டு நாலு புள்ளிக்கு இல்லை.

ஃபயர்ஃபாக்ஸுக்குத் திரும்பினேன். விலாசத்தை மாற்றிச் சொல்லவைக்க ஒரு நீட்சி இருக்கிறது. 'நான் குரோம்' என்று சொல்லவைத்தேன். அதே தளம், அதே நரி, உள்ளே ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. காலண்டர் விழுந்தது. வருஷத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டமும் சேர்ந்தே விழுந்தது. ஓடாத சரக்கென்று எதுவும் இல்லை. பேரைக் கேட்டே வாசலில் நிறுத்தியிருக்கிறான். ஆறு நிமிஷத்தில் சான்று அச்சாகி வந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில்: 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8இல் சிறப்பாகத் தெரியும்.' எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15ஆம் தேதியே கருமாதி முடித்துவிட்டது.

ஆச்சி காகிதத்தை இரண்டு தடவை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார்கள். எப்படி இப்ப மட்டும் வந்துச்சு தம்பி என்று கேட்டார்கள். இந்தப் பெட்டியின் விலாசத்தை மாற்றிச் சொன்னேன் ஆச்சி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"விலாசம் எப்படி மாறும்? பிள்ளை கூட்டினாத்தானே மாறும்." பிள்ளை கூட்டுவதென்றால் எங்கள் பக்கத்தில் தத்தெடுப்பது.

"அந்த வீட்டுப் பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுறாக ஆச்சி."

"இதுக்குச் சாப்பாடு யாரு போடுறாக?"

"அந்த வீட்டுலதான்."

"அப்ப என்ன," என்று கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணினார்கள். "கூட்டியாச்சுன்னு சொல்லுங்க."